கருப்பையைக் காக்கும் வைத்தியம்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் தம் கருப்பை நோயை வாய்விட்டுச் சொல்வதற்கு நெடுங்காலம் ஓர் இடம் இருக்கவில்லை. மருத்துவச்சியிடம் சொன்னால் கைமருந்து கிடைக்கும். ஆண் வைத்தியரிடம் சொல்வதோ நாணத்துக்குரியதாயிற்று. மானிப்பாயில் தொண்டாற்றிய டாக்டர் கிறீன் 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழ் நூலாக்கினார். நூல் வந்தது, சொல்லும் இடம் வரவில்லை. லீச் சகோதரிகள் கடல் கடந்து திரட்டிய பொருளைக்கொண்டு 1898ஆம் ஆண்டில் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தபோதுதான் அக்குறை தீர்ந்தது. அங்கே இசபெல்லா கர் அம்மையார் பல ஆண்டுகள் வைத்தியராயிருந்தார். பெண்ணின் நோயைப் பெண்ணே கேட்டாள்.

இவ்வாறு சொல்லவேண்டிய நோய்களுள் கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோயும் ஒன்று. மாதவிலக்கு நின்ற பெண்களையே அது பெரும்பாலும் பற்றும். சிறுபான்மையாக இளம் பெண்களையும் விடாது. உதிரம் மிகுதல், மாதவிலக்கு முறைதவறல் ஆகியன அதன் குறிகள். கருப்பையை அகற்றுவதே அதற்கு வழக்கமான வைத்தியம். உயிர் பிழைக்கும், மகப்பேறு இல்லையாகும். பிள்ளையில்லாதவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை.

மாற்று வழி முயல்களில் தொடங்கியது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் கோர்னர், அலன் என்னும் இருவர், சூலகத்திலிருந்து எடுத்த ஒரு சாறு முயலின் கருவைத் தாங்கி நிறுத்துவதைக் கண்டனர். 1934ஆம் ஆண்டில் அதிலிருந்த புரொஜெஸ்தரோன் என்னும் ஹோர்மோன் தனியே பிரிக்கப்பட்டது. ஈஸ்திரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கும். புரொஜெஸ்தரோன் அவ்வளர்ச்சியை அடக்கும். இவ்வகை மருந்தினால் முற்றிய புற்றுநோயும் சிலரிடத்துச் சுருங்கியதென்று கெல்லி, பேக்கர் என்போர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முற்றியதே சுருங்குமாயின் அரும்பியது அடங்காதோ? பின்வந்தோர் மாத்திரையாகவும், கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனமாகவும் அதனை இளம் பெண்களுக்கு அளிக்கலாயினர்.

இது எல்லார்க்கும் ஏற்றதன்று. நோய் மெல்ல வளரும் வகையினதாய், கருப்பைத் தசையுள் புகாததாய் இருத்தல் வேண்டும். காந்தப் படம் அதனைக் காட்டும். சில மாதங்களுக்கொருமுறை உட்படலத்தைச் சிறிது எடுத்துச் சோதிப்பர். நோய் அடங்கியதும் காலந்தாழ்த்தாது கருத்தரிக்கச் சொல்வர். அடங்கிய நோய் பலரிடத்தில் மீண்டும் தலைகாட்டுவதால், பிள்ளைப்பேற்றின் பின் கருப்பையை அகற்றிவிடுமாறும் கூறுவர். ஆகவே இது விலக்கன்று, தவணையே. அத்தவணையும் நோயை முளையிலேயே சொன்னவளுக்குத்தான்.

2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதியால் 2013ஆம் ஆண்டில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கே சில மைல் சென்றால் தெல்லிப்பழை.