ரோசாப்பூ துரை: மதுரையில் ஒரு வக்கீலின் கதை



"கிரிமினல் வக்கீல்" என்று யாராவது சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அதெப்படிங்க, திருடன்னு தெரிஞ்சே அவனுக்காகப் பேசுறாங்க?" ஆக்சிடென்ட் கேஸ் நடத்துகிற வக்கீல் என்றால் இன்னும் ஒரு படி கீழேதான் வைப்பார்கள். சினிமாவில் கூட இவர்களுக்கு காமெடி வேடம்தான் கிடைக்கும்!

ஆனால் மதுரையிலும், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் போன்ற பக்கத்து ஊர்களிலும் சாதாரண மனிதன் சட்டத்தைச் சந்திப்பது இந்தச் சின்ன ஆபீஸ்களில்தான். ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, சிவப்பு நாடா கட்டிய கேஸ் கட்டுகள். ஒரு பக்கம் ஜாமீன் மனு, இன்னொரு பக்கம் விபத்து நஷ்ட ஈடு மனு. பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசிக் கொள்ளவும் கூடாது. அதனால் இப்படிப்பட்ட ஆபீஸுக்கு இருக்கிற ஒரே மூலதனம் பெயர்தான். நாங்கள் அக்கவுண்ட்ஸில் படிக்கிற "குட்வில்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மதுரையில் வக்கீல் தொழில் செய்த ஒருவருக்குக் கிடைத்த குட்வில் எவ்வளவு தெரியுமா? அவரால் பயன் அடைந்த ஜனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய பட்டப்பெயரையே வைத்தார்கள். அந்தப் பட்டப்பெயர் "ரோசாப்பூ துரை". அவர் பெயர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

யார் இந்தத் துரை?

துரை என்றவுடன் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1887ல் கேரளாவின் செங்கன்னூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, எடின்பரோவில் தத்துவம் முடித்து, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர். 1909ல் இந்தியா திரும்பினார். முதலில் சென்னை, பிறகு மதுரை. கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொண்டு வருவாராம். அதனால்தான் அந்தப் பெயர்.

லண்டனில் படித்த பாரிஸ்டருக்குப் பணக்காரக் கட்சிக்காரர்களுக்கு என்ன பஞ்சம்? ஜமீன் வழக்கு, சொத்து வழக்கு என்று வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் பெயர் இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சொல்லப்படுவது அந்த மாதிரி வழக்குகளால் அல்ல. ஒரு சட்டத்தை எதிர்த்து நின்றதால்தான்.

கைரேகைச் சட்டம்

அந்தச் சட்டத்தின் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கத்துக் கிராமங்களில் "ரேகைச் சட்டம்" என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். 1871ல் வட இந்தியாவுக்காகக் கொண்டுவரப்பட்டு, 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை வட்டாரத்தில் 1914ல் கீழக்குடி கள்ளர்கள் மேல் முதலில் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் பரவியது.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில், அரசாங்கம் ஒரு சமூகத்தையே "குற்றப் பரம்பரை" என்று கெஜட்டில் அறிவிக்கும். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது. இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்!

அடுத்து, அந்தச் சமூகத்தவர்களின் பெயர்ப் பட்டியல் தயாராகும். கைரேகை எடுப்பார்கள். பதிவானவர் குறித்த நேரத்தில் போய்த் தலை காட்ட வேண்டும். ஊரை விட்டு வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆண்கள் ராத்திரி வீட்டில் படுக்காமல் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்த கதைகளை அந்த ஊர்களில் இன்றும் சொல்வார்கள்.

தண்டனையும் தனிக் கணக்குதான். குறிப்பிட்ட சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 வருடம். மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல். பதிவு செய்யப்பட்ட ஒருவர் சந்தேகப்படும்படி ஓரிடத்தில் இருந்தார், திருடப் போகிறார் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினாலே 3 வருடம் வரை சிறை. கவனியுங்கள், திருடியதற்கு அல்ல. திருடப் போகிறவர் மாதிரி இருந்ததற்கு.

என் பெயரைப் பட்டியலில் சேர்த்தது தப்பு என்று ஒருவர் முறையிடலாமா? முறையிடலாம். யாரிடம்? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம். பட்டியலைத் தயாரிக்கச் சொன்னவரும் அவர்தான்!

வக்கீலுக்கு இதில் என்ன வேலை?

ஒரு கிரிமினல் வழக்கு எந்தக் கேள்வியில் தொடங்கும்? "இந்த மனிதர் என்ன செய்தார்?" என்பதில். எந்த நாள், எந்த இடம், எந்தப் பொருள், யார் பார்த்தது? குறுக்கு விசாரணை, சாட்சி, சந்தேகத்தின் பலன் எல்லாமே இந்தக் கேள்வியை ஒட்டி வருபவைதான்.

ரேகைச் சட்டம் இந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொரு கேள்வியை வைத்தது. "இவர் யார் வீட்டுப் பிள்ளை?" இதற்குப் பதில் சொல்ல சாட்சி வேண்டாம், வக்கீலும் வேண்டாம். அவர் பிறந்த அன்றே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஜார்ஜ் ஜோசப் பிடித்துக்கொண்டது முதல் கேள்வியைத்தான். இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட கள்ளர், மறவர் மக்களுக்காகக் கோர்ட்டுகளில் வாதாடினார். கோர்ட் கதவு சாத்தப்பட்ட இடத்தில் பத்திரிகைகளில் எழுதினார். சமூகத்தைச் சொல்லாதே, ஆளைச் சொல், அவர் செய்ததைச் சொல் என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம்.

1919ல் ரௌலட் சட்டம் வந்தபோது நாடே கொதித்தது. வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது என்று ஜனங்கள் அதைக் கறுப்புச் சட்டம் என்றார்கள். அந்த மார்ச் மாதம் காந்தி ஆதரவு தேடி மதுரை வந்தார். தங்கியது ஜார்ஜ் ஜோசப் வீட்டில்தான். யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க எதற்காகக் கொதித்ததோ, அதே மாதிரி ஒரு சட்டத்தில் மதுரைச் சீமை கிராமங்கள் ஏற்கனவே ஐந்து வருடமாக வாழ்ந்து கொண்டிருந்தன. ஆனால் அதைப் பற்றி நாட்டில் பெரிய பேச்சே இல்லை.

ஒரே வருடத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். கைரேகை எடுக்க வந்த போலீஸாரிடம் ஊர் ஜனங்கள் முடியாது என்று மறுத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் உயிரிழந்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருடம் கூட ஆகாத நேரம் அது. அந்த ஊரில் இன்று நினைவுத்தூண் இருக்கிறது.

மில் கேட்டுக்கு வெளியே

தலைப்பு கிரிமினல் வழக்கோடு நிற்கவில்லை. காயம், நஷ்ட ஈடு என்ற இன்னொரு பக்கமும் இருக்கிறதே, அதற்கு வருவோம்.

அன்றைய மதுரையின் பெரிய முதலாளி ஹார்வி கம்பெனியின் மதுரா மில். கிராமத்தில் நிலம் இல்லாதவர்கள் மில்லுக்கு வந்தார்கள். மெஷினில் கை போனால் என்ன ஆகும்? 1855ம் வருடத்து மரண விபத்துச் சட்டம் ஒன்று இருந்தது. தொழிலாளி இறந்தால் குடும்பம் வழக்குப் போடலாம். ஆனால் முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டும். கூட வேலை பார்த்தவன் கவனக்குறைவு என்று முதலாளி சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழி இருந்தது. கூலிக்கார விதவை எந்த வக்கீலுக்குப் பீஸ் கொடுத்து, எந்த இன்ஜினியரைச் சாட்சிக்கு அழைப்பாள்?

1918ல் ஜார்ஜ் ஜோசப் மதுரை மில் தொழிலாளர்களைச் சேர்த்து சங்கம் அமைத்தார். சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் தொடங்கிய அதே வருடம். அன்றைக்கு சங்கம் என்பது சட்டப் பாதுகாப்பு இல்லாத விஷயம். பின்னி மில் தகராறில் வாடியா மேலேயே சென்னை ஹைகோர்ட் தடையாணை போட்டது. தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926ல்தான். மதுரைச் சங்கத்தின் போராட்டத்தால் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. பிறகு நிர்வாகமும் அரசாங்கமும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியில் அந்தச் சங்கம் கலைந்தது.

பி.காம். படிப்பவர்களுக்குத் தொழிற்சட்டப் பேப்பரில் 1923ம் வருடத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நினைவிருக்கும். வேலையால், வேலை நேரத்தில் விபத்து நடந்ததா என்பதுதான் அதன் கேள்வி. முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முதலில் வந்தபோது ஒரு தொழிலாளியின் மரணத்துக்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2500 ரூபாய், இதில் எது குறைவோ அது. படிக்கும்போது இது வெறும் கணக்காகத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் கூலிக்காரன் வீட்டுக்கு நடைமுறையில் கிடைத்தது பூஜ்யம் என்று தெரிந்தால் அந்த 2500 வேறு மாதிரி தெரியும்.

இங்கே ஒரு ஒற்றுமையைக் கவனிக்கலாம். ரேகைச் சட்டத்தில் ஏழை எதுவும் செய்யாமலே குற்றவாளி ஆனான். மில்லில் கை போன ஏழை, எதிராளியின் குற்றத்தை நிரூபிக்க முடியாமல் வெறும் கையோடு வீட்டுக்குப் போனான். ஒரே ஊர், ஒரே ஜனங்கள்.

பிறகு?

ஜார்ஜ் ஜோசப் 1920ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருமானம் வந்த தொழிலையே விட்டார். அலகாபாத்தில் "இண்டிபெண்டன்ட்" பத்திரிகை ஆசிரியர், சிறைவாசம், காந்தியின் "யங் இந்தியா" ஆசிரியர், 1924ல் வைக்கம் சத்தியாகிரகத்தில் கைது என்று வாழ்க்கை போனது. (வைக்கம் இந்துக்களின் விஷயம், நீங்கள் விலகி இருங்கள் என்று காந்தி அவருக்கு எழுதியது தனிக் கதை. இன்னொரு நாள் பார்ப்போம்.) மறுபடி மதுரைக்கே வந்து தொழில் செய்தார். 1937ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். 1938 மார்ச் 5ல், மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50தான்.

ரேகைச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. 1937ல் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவையும் அதை நீக்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பிறகு 1947ல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952ல். ஆக, ஜார்ஜ் ஜோசப் ஜெயித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. சட்டத்தை அவர் உடைக்கவில்லை, உடைக்கக் கோர்ட்டில் வழியும் இல்லை. ஆனால் உன் பக்கம் பேச ஒரு ஆள் உண்டு என்று அந்த ஜனங்களுக்குக் காட்டினார். அதற்குத்தான் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

இன்றைக்கு என்ன?

கைதானவர் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்று அரசியல் சட்டத்தின் 22ம் பிரிவில் இருக்கிற உரிமை. ஆனாலும் ஏதாவது பரபரப்பான வழக்கு வந்தால் "இவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்று சங்கங்கள் தீர்மானம் போடுவதைப் பார்க்கிறோம். கோயம்புத்தூரில் இருந்து போன ஒரு வழக்கில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் சிறை விதிகளில் உள்ள சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பிலும், சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகள் என்று பார்க்கும் பார்வையைக் கண்டித்தது. சட்டம் ஒழிந்து எத்தனை வருடம் ஆகியும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"அந்த ஏரியாக்காரனா? அப்படித்தான் இருப்பான்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான் ரேகைச் சட்டத்தின் கேள்வி. கெஜட்டில் இல்லையே தவிர நம் வாயில் இருக்கிறது. ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டியிருக்கிற கிரிமினல் வக்கீல் சம்பளத்துக்காகவே செய்தாலும், கோர்ட்டில் எழுந்து "என் கட்சிக்காரர் என்ன செய்தார், சாட்சி எங்கே?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை யாரும் கேட்காத ஊர் எப்படி இருக்கும் என்று மதுரைக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறது.

வைகைக் கரையில் யானைக்கல் பக்கம் போனால் ஜார்ஜ் ஜோசப்பின் சிலை இருக்கிறது. பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ரோசாப்பூ துரை என்று யாருக்காவது பெயர் இருந்தால், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மீண்டும் சந்திப்போம்.