கம்பிக்கு முன் முரசு: வன்னிப் பெருநிலப்பரப்பில் பற்சீரமைப்பின் முன்நிபந்தனை பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

நிரை தவறிய பற்களைக் கம்பியிட்டுச் சீராக்கும் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கருவிகள் தாங்கி நிற்கும் முரசுக்கும் ஒரு வரலாறு உண்டு. முரசின் வீக்கத்தைக் கம்பி தரும் தவிர்க்க முடியாத தொல்லையாகக் கண்ட காலம் ஒன்று இருந்தது. முரசு ஆரோக்கியமாக இல்லாவிட்டால் பல்லை நகர்த்தவே கூடாது என்ற தெளிவு அதற்குப் பிறகே வந்தது. அந்தத் தெளிவுக்கு அடித்தளமிட்ட சான்றுகளில் முக்கியமான ஒன்று இலங்கையிலேயே திரட்டப்பட்டது. அந்தச் சான்றின் வெளிச்சத்தில் பார்த்தால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பற்சீரமைப்பைப் பரவலாக்குவதென்பது முதலில் முரசுப் பராமரிப்பை வீட்டுக்கு அண்மையில் கொண்டுவருவதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கருவியும் முரசும்

1920களில் அமெரிக்கப் பல் வைத்தியர் எட்வர்ட் ஏங்கிள் 'எட்ஜ்வைஸ்' கருவியை உருவாக்கினார். அந்த முறையில் பல்லைச் சுற்றி உலோக வளையம் இறுக்கப்பட்டது. வளையத்தின் விளிம்பு முரசோரத்தை உரசும். சில இடங்களில் அதற்குக் கீழேயும் இறங்கும். தூரிகை எட்டாத அந்த ஒடுக்கத்தில் பற்படலம் தங்கும். 1955இல் மைக்கேல் புவனோகோர், அமிலத்தால் பற்சிப்பியைப் பதப்படுத்தினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டும் எனக் காட்டினார். அதன் பயனாக அடுத்த இரு தசாப்தங்களில் முன்பற்களில் வளையத்துக்குப் பதிலாக நேரே ஒட்டும் சிறு பற்றிகள் வழக்கத்துக்கு வந்தன. உரசல் குறைந்தது, சிக்கல் தீரவில்லை. பற்றியைச் சுற்றியும் படலம் சேரத்தான் செய்தது. வளையம் பொருத்தி ஓரிரு மாதங்களுக்குள், ஒழுங்காகப் பல் துலக்கிய பிள்ளைகளிடமும் முரசு வீங்குவதை நோர்வேயின் சாக்ரிசன் 1972இல் பதிவுசெய்தார். கருவி அகன்றபின் அந்த வீக்கம் பெரும்பாலும் தணிந்ததையும் அவர் காட்டினார்.

வீக்கத்தின் காரணம் அதற்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. 1965இல் ஹரால்ட் லோவும் சகாக்களும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் முரசு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆக, முரசைப் புண்படுத்தும் முதற்காரணி கம்பியில் தங்கும் படலமே. கம்பியின் பங்கு அந்தப் படலத்துக்கு இடம் கொடுப்பது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சான்று

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது: வீக்கம் தானாகத் தணியுமென்றால் அதைப் பொருட்படுத்துவானேன்? 2008இல் அன்-மரி பொலனும் சகாக்களும் வெளியிட்ட முறைசார் மீளாய்வும் இந்த மறுப்புக்குத் துணைநிற்பதாகத் தோன்றும். பற்சீரமைப்புக்குப் பின் முரசுப் பையின் ஆழம் சராசரியாக 0.23 மி.மீ. கூடியதாகவும், எலும்பிழப்பு 0.13 மி.மீ. மட்டுமே என்றும் அது கணக்கிட்டது. ஆனால் சராசரி எல்லோருடைய கதையையும் சொல்லாது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது, லோவும் சகாக்களும் 1970இல் இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரிடம் தொடங்கி 1985 வரை நடத்திய ஆய்வு. பல் வைத்தியமோ தடுப்புத் திட்டமோ அந்தத் தொழிலாளரை எட்டியதே இல்லை. ஏறத்தாழ எல்லோருடைய முரசும் அழற்சியுற்றிருந்தது, எல்லோர் பல்லிலும் காறை படிந்திருந்தது. ஆயினும் 8 வீதத்தினர் பல்லின் பிடிமானத்தை விரைவாக இழந்தனர். 81 வீதத்தினர் மெல்ல இழந்தனர். 11 வீதத்தினருக்கு நோய் முரசழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. 35 வயதில் முதற்பிரிவினரின் சராசரி இழப்பு சுமார் 9 மி.மீ.; கடைசிப் பிரிவினருக்கு 1 மி.மீற்றருக்கும் குறைவு. சிவந்து வீங்கிய முரசு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால், அதைப் பார்த்து மட்டும் யார் எந்தப் பிரிவில் சேர்வார் என்று சொல்ல வழியில்லை. பதின்மூன்று வயதில் கம்பி போட வரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். எவருடைய வீக்கம் தணியும், எவருடையது எலும்புவரை இறங்கும் என்பது அன்று தெரியாது. ஆதலால் எல்லோருடைய வீக்கத்தையும் அடக்குவதே தற்காப்பு.

இதோடு பல்லை நகர்த்தும் விசையும் சேரும்போது நிலை மேலும் கூர்மையாகிறது. எரிக்சனும் சகாக்களும் 1977இல் நாய்களில் நடத்திய பரிசோதனையில், படலம் படிந்த பல்லைச் சாய்த்து நகர்த்தியபோது முரசுக்கு மேலிருந்த படலம் கீழே இறங்கி எலும்பருகே பை உண்டாகக் கண்டனர். சுத்தமாக வைத்திருந்த பற்களை அதே விசை அவ்வாறு சிதைக்கவில்லை. தூய்மையான பல்லில் விசை மருந்து. தூய்மையற்ற பல்லில் அதே விசை நோயை உள்ளே தள்ளும் கருவி. தூய்மை சிகிச்சைக்கு முன்நிபந்தனையானது இந்தச் சான்றுகளாலேயே.

வன்னியில் அறுந்த தொடர்ச்சி

அந்தத் தோட்டச் சான்று வன்னிக்கு அந்நியமானதன்று. 1958, 1977 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. வவுனியாவில் காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைத்தது. அவர்கள் வரும்போது, பல் வைத்தியம் எட்டாத வாழ்வின் விளைவுகளும் உடன் வந்தன. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய பாடசாலைப் பற்தாதியர் முறையைப் பின்பற்றி இலங்கை 1950களில் பாடசாலைப் பற்சிகிச்சையாளரை மகரகமவில் பயிற்றுவிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சேவை வன்னியில் ஆழ வேரூன்ற வேண்டிய காலமே போரின் காலமாயிற்று. கிளிநொச்சி நகர் 1996இலும் 1998இலும் 2009இலும் கைமாறியது. 2002 போர்நிறுத்தத்தோடு திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறையென ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கிளினிக் போகவேண்டிய சிகிச்சைக்கு இப்படிப்பட்ட வீதி உதவாது. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்ட பிள்ளைகளுக்குப் பல் துலக்க நீரே அரிது. அந்த முகாம்கள் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டன.

போர் முடிந்தபின் வைத்தியசாலைகள் எழுந்தன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆயினும் நிபுணர் சேவை பெரிய வைத்தியசாலைகளிலேயே குவிகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 65 கி.மீ.; முல்லைத்தீவிலிருந்து 100 கி.மீற்றருக்கும் மேல். பாடசாலை நாளையும் பெற்றோரின் நாட்கூலியையும் இழந்து போகும் இந்தப் பயணத்தில் தவணை தவறுவது இயல்பு. தவணை தவறியபோதும் வாயில் கம்பி இருக்கும், படலம் சேரும், முரசு வீங்கும். இதனினும் கவனிக்கவேண்டியது வயது இடைவெளி. பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் பொறுப்பு பொதுவாக 13 வயதோடு முடிகிறது. நிலையான கம்பி பொருத்தப்படுவதும், பருவமடையும் உடலின் சுரப்புகளால் முரசு எளிதில் வீங்குவதும் பெரும்பாலும் அந்த வயதிலேயே தொடங்குகின்றன. பிள்ளைக்கு மிக அண்மையில் இருக்கும் கை விலகும் வேளையில்தான் தேவை உச்சத்தை அடைகிறது. வவுனியாவின் சில பகுதிகளில் கிணற்று நீரின் மிகை புளோரைட்டால் பற்சிப்பி பாதிக்கப்படுவது இன்னொரு சுமை. அத்தகைய பல்லில் பற்றியின் பிடி குறையக்கூடும். பற்றி கழன்றுகொண்டே இருந்தால் வளையத்துக்குத் திரும்ப நேரும். வளையமோ முரசை மேலும் வருத்தும்.

இரண்டு மறுப்புகள்

போரிலிருந்து மீளும் மண்ணில் பற்சீரமைப்பு ஓர் ஆடம்பரம் என்பது ஒரு மறுப்பு. நெருங்கிப் பின்னிய பற்களைத் துலக்குவதே கடினம். முன்தள்ளிய பல் விழுந்தால் முதலில் உடையும். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை உணவோடும் பேச்சோடும் கூடியது. அதற்கான உரிமை கொழும்புப் பிள்ளைக்கு இருப்பதுபோல் புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கும் உண்டு. முரசை நிபந்தனையாக்கினால் ஏழைப் பிள்ளைகளே கழிக்கப்படுவர் என்பது மற்றது. இந்த அச்சம் நியாயமானது. நிபந்தனையைப் பிள்ளைமீது மட்டும் சுமத்தினால் அப்படித்தான் நடக்கும். தூரிகையும் தவறாத பராமரிப்பும் கிடைக்காத பிள்ளையிடம் 'உன் வாய் சுத்தமில்லை' என்று சொல்லித் திருப்பியனுப்புவது, சேவையின் குறையைப் பிள்ளையின் குற்றமாக எழுதுவதாகும். நிபந்தனை சேவையைக் கட்டவேண்டும். தொலைவில் கம்பி பொருத்திய பிள்ளைக்குத் தவணைகளுக்கு இடையே முரசைப் பார்த்துக் காறையை அகற்றி, துலக்கும் முறையைத் திருத்தித் தரும் கடமை அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைப் பல் சிகிச்சைப் பிரிவுக்கு முறைப்படி ஒப்படைக்கப்பட வேண்டும். கம்பி அணிந்த மாணவரைப் பொறுத்தவரை பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் வயதெல்லையும் தளர்த்தப்பட வேண்டும். எளிய பிசகுகளுக்கு, கழற்றித் துலக்கக்கூடிய தட்டுக் கருவியை முதலில் கருதலாம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரை நாற்பது ஆண்டுகள் தொடர்ந்த பின்னாய்வும், காறையையும் படலத்தையும் முரசழற்சியையும் கட்டுப்படுத்துவதே நோய் முன்னேறாமல் தடுக்கும் வழியென்ற முடிவுக்கே வந்தது. பராமரிப்பின்றி வாழ்ந்த அம்மக்களின் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. வன்னியில் அவர்களின் உறவுகளும் அயலவரும் வளர்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் பயன் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. வடமாகாணத்தில் பற்சீரமைப்புச் சேவையை விரிவாக்கும் எந்தத் திட்டமும், பொருத்திய கம்பிகளின் எண்ணிக்கையோடு, சிகிச்சை முடிவில் ஆரோக்கியமாக இருந்த முரசுகளின் எண்ணிக்கையையும் தன் வெற்றிக்கு அளவுகோலாக ஏற்கவேண்டும்.