எழுத்தை இழந்தவனும் எழுதிய கையும்
மூளைக் காயத்திற்கான மறுவாழ்வுச் சிகிச்சையின் வரலாறு

தலையில் அடிபட்டு மூளை காயமுற்றவருக்குச் சிகிச்சை என்பது, நெடுங்காலம் உயிரைக் காப்பதோடு நின்றுவிட்டது. பிழைத்தவர் பேச்சை இழந்தாலும் எழுத்தை மறந்தாலும், அதனை விதியென்று ஏற்பதைத் தவிர அவர் குடும்பத்தாருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். மொழி மன்றத்தில் மருத்துவ வரலாறு எதற்கு என்று அவையோர் வினவலாம். அம்மாற்றத்தில் மொழி வகித்த இடம் பெரிது என்பதே அதற்கு விடை.

ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்திய ஏடு ஒன்று இன்றும் உள்ளது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும் அவ்வேடு, 48 காயங்களை ஒவ்வொன்றாக விவரித்து, சிகிச்சை அளிக்கத்தக்கது, போராடிப் பார்க்கத்தக்கது, சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என வகுக்கிறது. மண்டையோடு உடைந்து பேச்சற்றுப் போனோரை அது மூன்றாம் வகையில் வைக்கிறது. அத்தீர்ப்பு பல்லாயிரம் ஆண்டுகள் பெரிதும் மாறாமல் நின்றது.

மாற்றத்தைக் கொண்டுவந்தவை போர்களே. 1917இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், போர்முனையில் புதிய முறைகளைக் கையாண்டு, தம்மிடம் வந்த மூளைக்காயமுற்றோரின் இறப்பு விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். முன்பு மாண்டிருக்கக்கூடிய இளைஞர்கள் பிழைத்தனர். ஆயின் அவர்கள் எப்படி வாழ்வது என்னும் கேள்வி உடனே எழுந்தது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்னும் நரம்பியல் மருத்துவர், மூளைக்காயமுற்ற படைவீரர்களுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். அங்கே மருத்துவக் கூடத்தோடு உளவியல் ஆய்வுக்கூடமும் தொழிற்பட்டறையும் இணைந்திருந்தன. காயத்தை மட்டும் பார்க்காமல் காயமுற்ற மனிதனை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1933இல் நாஜி ஆட்சி அவரைக் கைது செய்து நாட்டை விட்டு வெளியேற்றியது.

அவ்வழியை மேலும் வளர்த்தவர் சோவியத் நாட்டு உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா. இரண்டாம் உலகப்போரின்போது, யூரல் மலைப்பகுதியின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகிலிருந்த சிற்றூரில் 400 படுக்கைகள் கொண்ட மறுவாழ்வு மருத்துவமனையை அவர் அமைத்தார். அங்கே அவர் சந்தித்தவர்தாம் லெவ் சசெத்ஸ்கி. பொறியியல் பயின்று கொண்டிருந்த அவ்விளைஞர், 1943 மார்ச்சில் ஸ்மோலென்ஸ்க் பகுதிப் போரில், தம் 23ஆம் அகவையில், குண்டடிபட்டார். மூளையின் இடப்பக்கப் பின்பகுதி சிதைந்தது. பார்வையில் வலப்பாதி மறைந்தது. எழுத்துகள் அந்நியக் குறிகளாயின. 'தந்தையின் சகோதரன்', 'சகோதரனின் தந்தை' என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குப் புலப்படவில்லை. சொற்கள் தனித்தனியே விளங்கின; அவற்றைப் பிணைக்கும் உறவு விளங்கவில்லை.

சசெத்ஸ்கிக்கு முதலில் குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்பித்தனர். முன்னேற்றம் மிக மெதுவாகவே இருந்தது. எழுத்தின் வடிவத்தை மனக்கண்ணால் கண்டு வரைய அவர் முயன்றபோதெல்லாம் தோற்றார். ஒருநாள், எழுத்தெழுத்தாக எண்ணாமல், கையை எடுக்காமல், சொல்லை ஒரே வீச்சில் எழுதுமாறு அவரைப் பணித்தனர். கை எழுதிற்று! எழுதிய சொல்லை அவராலேயே படிக்க முடியவில்லை; ஆயினும் எழுத முடிந்தது.

இதற்கு லூரியா தந்த விளக்கமே இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமாக உள்ளவற்றுள் ஒன்று. எழுதுதல் மூளையின் ஏதோ ஒரு புள்ளியில் குடியிருக்கும் ஆற்றலன்று. கண், செவி, கை ஆகியவற்றோடு தொடர்புடைய பல பகுதிகள் கூடிச் செய்யும் வேலை. வளர்ந்தவர் எழுதும்போது கையசைவு ஓர் இசைபோல் தானே ஓடுகிறது. சசெத்ஸ்கிக்குக் கண்வழி அடைபட்டிருந்தது, கைவழி திறந்திருந்தது. ஆகவே சிகிச்சை என்பது இழந்த பகுதியை மீட்பதன்று. எஞ்சிய பகுதிகளைக் கொண்டு அதே வேலைக்குப் புதிய பாதை சமைப்பதாகும்.

அப்பாதையில் சசெத்ஸ்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் நடந்து, 3,000 பக்க அளவில் தம் வரலாற்றை எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் முழுதும் ஆவதுண்டு. அவர் முழுமையாகக் குணமடையவில்லை. படிப்பைத் தொடரவும் இயலவில்லை. எனினும், எழுதுவதே வாழ்வதற்குக் காரணம் என்று அவர் கொண்டார். அவர் எழுத்துகளைத் தம் விளக்கங்களோடு இணைத்து லூரியா 1971இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? லூரியா கையாண்ட அந்த உறவுத்தொடர்ச் சோதனையைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள். அண்ணனா தம்பியா என்று குறிக்காமல் 'சகோதரன்' என்று நாம் வீட்டில் பேசுவதில்லை. 'தந்தையின் தம்பி' என்பதற்கோ நம்மிடம் 'சித்தப்பா' என்னும் ஒரே சொல் உண்டு. எனவே, தொடரின் இலக்கணத்தைப் பிரித்தறிய இயலாத நோயாளியும், பழகிய ஒரு சொல்லைக் கொண்டு சரியாக விடையளித்துவிடக்கூடும். குறை கண்டுபிடிக்கப்படாமலே போகும். இன்னொரு மொழியில் அமைந்த சோதனையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. தமிழின் இயல்பறிந்து தமிழிலேயே அமைக்க வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவருள் பலர் வீட்டில் தமிழும், கடையில் மலாயும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகின்றனர். பன்மொழியாளர் மொழியிழப்புற்றால், அவருக்கு மிகவும் பழகிய மொழியே முதலில் மீளும் என்று பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் பித்ர் 1895இல் கருதினார். எல்லா மொழிகளும் சேர்ந்து மீள்வதும், எதிர்பாராத மொழி முந்துவதும் உண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. ஆகவே நோயாளி எந்த மொழியில் எண்ணினார், எந்த மொழியில் வழிபட்டார், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார் என்பதைக் குடும்பத்தார் பேச்சுச் சிகிச்சையரிடம் எடுத்துரைப்பது கடமையாகும். ஆங்கிலத்தில் வினவும்போது வாய் திறவாத மூதாட்டி, தமிழில் வினவினால் விடை பகரக்கூடும். அவ்வாய்ப்பை அவருக்கு அளிக்காமல் பேச்சே போயிற்று என்று முடிவு கட்டலாகாது.

தமிழ் நன்கறிந்த இளையோர் பேச்சுச் சிகிச்சைத் துறைக்கு வருதல் வேண்டும். மொழியைக் காப்பது என்று மேடைதோறும் பேசுகிறோம். மொழியை இழந்த ஒருவர் அதனைத் திரும்பப் பெறும் படுக்கையருகே தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பதும் அக்காப்பில் அடங்கும்.