செஞ்சியில் பிறந்த சிறுவன்

செஞ்சி என்றதும் மாணவர் உள்ளத்தில் தேசிங்கு ராஜன் குதிரையேறி வருவான். அதே கோட்டையில் பிறந்து, பலரும் மறந்துவிட்ட வேறொரு பிள்ளையைப் பற்றியே இன்று நான் பேச விழைகின்றேன்.

1689-இல் மராத்திய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தார். மகன் சாஹுவுக்கு அப்போது 7 வயதுகூட நிரம்பவில்லை. ஆகவே, ஏறத்தாழ 19 வயதினரான சிற்றப்பர் ராஜாராம் அரசேற்றுச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். சாஹுவோ தாயுடன் மொகலாயரிடம் சிறைப்பட்டான். அச்சிறைப்பிள்ளைக்கு ஔரங்கசீப் 7,000 மன்சப் என்னும் பெரும் பதவியை வழங்கினார்! படை நடத்தவா? அன்று. பிள்ளை யார் கையில் இருக்கிறானோ, அவன் உரிமையும் அவர் கையில் இருக்கும்.

செஞ்சி முற்றுகைக் காலத்தில், 1696-இல், ராஜாராமின் தேவி தாராபாய் ஓர் ஆண்மகவை ஈன்றார். பாட்டனாரின் பெயரையே இட்டனர்: சிவாஜி. 1698-இல் கோட்டை வீழ்ந்தது. 1700-இல் ராஜாராமும் மறைந்தார். நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை அரசனானான். ஆணைகள் அவன் பெயரால் பிறந்தன, ஆண்டவர் தாய். அவருடைய ஆற்றலை நான் குறைத்துரைக்கவில்லை. ஔரங்கசீப் இறக்கும்வரை அப்பெரும்படையை எதிர்த்து நின்றவர் அவரே. ஆயினும் அந்தப் பெயருக்குரிய பிள்ளையை யார் கேட்டார்கள்?

1707-இல் விடுதலை பெற்ற சாஹு, முழு இளைஞராய்த் திரும்பித் தம் உரிமையைக் கோரினார். எதிரே நின்றவன் 11 வயதுச் சிறுவன். தலைவர் பலர் சாஹுவின் பக்கம் சாய்ந்தனர். மறு ஆண்டே அவர் சதாராவில் முடிசூடினார். தாராபாய் மகனுடன் கோலாப்பூரில் தனியரசு அமைத்தார்.

1714-இல், செஞ்சியில் தேசிங்கு மாண்ட அதே ஆண்டில், கோலாப்பூரில் சிவாஜியும் தாயும் சிறையிடப்பட்டனர். மாற்றாந்தாயின் மகன், அவனும் ஒரு சிறுவனே, அரசனாக்கப்பட்டான். தானே ஆளத்தக்க பருவம் சிவாஜிக்கு அப்போதுதான் வந்திருந்தது. அவன் வயது 18.