கேத்தரினாவின் கூந்தல்

கூந்தலைச் சுருட்டி அழகு காணும் வேட்கை மிகப் பழையது. நம் இலக்கியங்கள் ஐம்பால் என்று சொல்லும் கூந்தல் ஒப்பனைக்கு உரைகாரர்கள் தரும் பெயர்களுள் ‘சுருள்’ என்பதும் ஒன்று. பாரிஸ் நகரில் மார்செல் கிராத்தோ என்பவர் 1870களில் சூடேற்றிய இடுக்கியைக் கொண்டு கூந்தலில் அலை படியச் செய்தார். தலைக்குக் குளித்ததும் அந்த அலை போய்விடும். குளித்த பின்னும் கலையாத சுருளுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியின் தோட்னாவ் என்ற சிற்றூரில் 1872இல் பிறந்தவர் கார்ல் நெஸ்லர். லண்டனில் முடியொப்பனைத் தொழில் நடத்திய அவர், 1905இல் தம் கண்டுபிடிப்பைப் பிறர் முன் செய்து காட்டினார். அதற்கு முன்பே சோதனைக்குத் தலை கொடுத்தவர் அவர் மனைவி கேத்தரினா. முதல் இரண்டு முறையும் அவருடைய முடி கருகிற்று, தலைத்தோலும் வெந்தது. மூன்றாம் முறைதான் சுருள் நின்றது. கருவியோ பன்னிரண்டு பித்தளை உருளைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 கிராம். அந்தச் சுமை தலையில் இறங்காதபடி எதிரெடை கட்டி மேலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியே ஆறு மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். முடியில் பூசியது பசுவின் சிறுநீரும் நீரும் கலந்த கலவை என்பர். (நம்மவர் சிலர் பெருமிதம் கொள்ள வேண்டா; பின்னாளில் அவர் வெண்காரத்துக்கு மாறிவிட்டார்.) நெஸ்லர் 1915இல் நியூயார்க் சென்று பெரும்பொருள் ஈட்டினார். கேத்தரினாவைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை.

1928இல் மார்ஜரி ஜாய்னர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி, பல உருளைகளை ஒரே கவிகையில் இணைத்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உரிமை அவர் பணிபுரிந்த நிறுவனத்துக்கே போயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1938இல், அர்னால்ட் வில்லட் வெப்பமே வேண்டாத ‘கோல்ட் வேவ்’ முறையைக் கொண்டுவந்தார். உருளைகள் போயின, வேதிப்பொருள் வந்தது. இன்றைய பெர்ம் பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

இதில் நடப்பது என்ன? முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளை ஏணிப் படிகள் போலக் கந்தகப் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அம்மோனியம் தயோகிளைகோலேட் என்ற கரைசல் அப்படிகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. நெகிழ்ந்த முடி, சுற்றியிருக்கும் குச்சியின் வளைவை ஏற்கிறது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு, அறுந்தவற்றைப் புதிய இடத்தில் மீண்டும் பிணைக்கிறது. அறுந்தவை அனைத்தும் மீண்டும் சேர்வதில்லை. ஆகவே பெர்ம் செய்த முடி, நன்றாகவே செய்யப்பட்டிருந்தாலும், முன்னிலும் சற்று வலுக்குறைந்ததே. கரைசல் குறித்த நேரத்துக்கு மேல் ஊறினால் இழப்பு கூடும். வெளிறச் செய்த முடியோ ஏற்கெனவே பிணைப்புகளை இழந்தது. அதன்மேல் பெர்ம் செய்தால் ஒடிந்தே போகலாம். தலைத்தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். மருந்தைச் சிறிது தோலில் தடவி இரண்டு நாள் பார்ப்பதும், ஒரு கற்றையில் மட்டும் முதலில் செய்து பார்ப்பதும் வீண் சடங்குகள் அல்ல.

நம் துறையில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு பெர்ம் செய்துகொண்டார். சில மாதங்களுக்கு முன் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்ற பொடியைப் பூசியிருந்தார். அவரும் சொல்லவில்லை; அழகு நிலையத்தாரும் கேட்கவில்லை. அத்தகைய பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். பெராக்சைடு பட்டால் சூடாகி முடியையே சிதைத்துவிடும். வீடு திரும்பிச் சீப்பை வைத்தபோது கற்றை கற்றையாகக் கையோடு வந்தது என்றார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்பதை எவரும் சோதிக்கவில்லை.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து வருவது பழையபடி நேராகவே வரும். அவர் காதளவு வெட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். இப்போது தோளைத் தொடுகிறது.