உச்சவரம்பு இல்லாத விலை

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள சூலூரிலும் அதைச் சுற்றிய விசைத்தறி ஊர்களிலும் வீடியோ கேமுக்குக் கொடுக்கப்பட்ட விலை மாறிய விதம், தமிழ்நாட்டுச் சிறு நகரங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவியையும் கேசட்டையும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த பிரவுசிங் சென்டர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கின. இரண்டிலும் செலவு எங்கே நிற்கும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது.

ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்து, அதனுள் பயன்படும் பொருள்களைச் சிறு தொகைக்கு விற்கும் முறையைத் தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது. மைக்ரோ டிரான்சாக்‌ஷன் எனப்படும் இக்குறுவிற்பனை, 2009இல் இலவசச் செயலிகளுக்குள்ளும் விற்கலாம் என ஆப்பிள் அனுமதித்தபின் கைபேசி ஆட்டங்களின் பொதுவழக்காயிற்று. இந்தியாவில் 2015இல் கூகுள், செயலிகளின் குறைந்தபட்ச விலையை 10 ரூபாயாகக் குறைத்ததும், அடுத்த ஆண்டே யுபிஐயும் ஜியோவின் மலிவான இணையமும் வந்து சேர்ந்ததும் இதற்கு வழி திறந்தன.

சிறு தொகை விற்பனை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கடலூரின் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவருக்கும் எட்டச் செய்தார். ஆனால் பாக்கெட் தீர்ந்தால் தீர்ந்தது கண்ணுக்குத் தெரியும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற கைபேசி ஆட்டத்திலோ ரூபாய் முதலில் ‘டயமண்ட்’ என்ற ஆட்ட நாணயமாக மாறிவிடுவதால், கையை விட்டுப் போவது பணம் என்ற உணர்வே மங்கிவிடுகிறது. அந்த டயமண்டைக் கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் விரும்பிய உடையோ துப்பாக்கி வண்ணமோ கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்; சில சக்கரங்களில் ஒவ்வொரு சுழற்சிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே செல்கிறது. விலை சிறிதாயிருப்பதைவிட, அதற்கு உச்சவரம்பு இல்லாததே இம்முறையின் உண்மையான கேடு.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின்கீழ் 2025இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைத்தன. அவற்றை அவ்வாண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்றது. ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ அத்தகைய ஆட்டங்களையே தடைசெய்தது. இவையெல்லாம் பணம் கட்டிப் பணம் வெல்ல முனையும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. பணம் கட்டி ஆட்டத்திற்குள் உடை வாங்கும் சிறுவனுக்கும் மாதச் செலவில் ஒரு வரம்பை விதிக்கும் விதியை அரசு தாமதமின்றி இயற்ற வேண்டும்.