தண்டவாளம் தந்த பாடம்

கொழும்பு மாநகரில் மின்சார டிராம் வண்டிகள் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. மேலே சென்ற ஒற்றைக் கம்பி மின்னைக் கொணர, அது தண்டவாளத்தின் வழியே மீண்டது. 1953இல் துரொலி பஸ் வந்தபோது இறப்பர்ச் சில்லுகள் அம்மீள்வழியை அடைத்தன. ஆதலின் இரு கம்பிகள் வேண்டப்பட்டன.

இன்றைய மின்சாரக் காரும் இறப்பர்ச் சில்லுகளிலேயே நிற்கின்றது. மின்னேற்றும்போது கசிவு நேர்ந்து காரின் உடலில் மின் ஏறின், அது நிலத்தை அடையத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும். இவ்விடரைத் தடுப்பன இரண்டு: ஒன்று, கசிந்த மின்னை நிலத்திற்குச் செலுத்தும் புவித்தொடுப்புக் கம்பி, மற்றையது, சென்ற மின்னும் மீண்ட மின்னும் வேறுபடின் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய மனைகளில் இவ்விரண்டையும் சோதியாது மின்னேற்றியைப் பொருத்துதல், நம் நகர் முன்னரே கற்ற பாடத்தை மறத்தலாகும்.